32 பிட் கெர்னலில் 64 பிட் மாறி: கம்பைலர் எச்சரிக்கையைப் புறக்கணிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். 32 பிட் ஆர்ம் போர்டு ஒன்றின் நெட்வொர்க் டிரைவரை லினக்ஸ் 3.19 கெர்னலில் பராமரித்து வருகிறேன். வந்து சேரும் பைட்டுகளை எண்ணும் 64 பிட் மாறியை ரீட்_ஒன்ஸ் மேக்ரோ வழியாக வாசிக்கும் வரியில், தரவு வேர்டு அளவை (செயலி வழக்கமாக ஒரே முறையில் கையாளும் அளவு, இங்கே 32 பிட்) மீறுவதால் அந்த அணுகல் அட்டாமிக்காக (இடையில் துண்டாகாமல் ஒரே படியாக) இராது என்று ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கிறது. புதிய கெர்னலில் கம்பைல் செய்தால் எச்சரிக்கை வருவதில்லை. அப்படியென்றால் இதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாமா?

மறுமொழி 1:
விட்டுவிடக் கூடாது, நண்பரே. அந்த எச்சரிக்கையைத் தரும் சோதனையைக் கெர்னல் உருவாக்குநர்கள் 2015இல் மேக்ரோவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சிக்கல் தீர்ந்ததால் அல்ல. வாசிப்பைக் கம்பைலர் நீக்கிவிடாமலும் இருமுறை செய்யாமலும் தடுப்பதே ரீட்_ஒன்ஸின் முதன்மையான வேலை என்றும், அட்டாமிக்காக இருப்பது அதன் நிபந்தனை அல்ல என்றும் முடிவு செய்தார்கள். 32 பிட் செயலியில் அந்த மாறி பெரும்பாலும் இரண்டு பாதிகளாகவே வாசிக்கப்படும். எண்ணி 4294967295இலிருந்து 4294967296க்கு மாறும் தருணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கீழ்ப்பாதியை மாற்றத்துக்கு முன்பும் மேற்பாதியை மாற்றத்துக்குப் பின்பும் வாசித்தால், கையில் கிடைப்பது 8589934591. வரிசை மாறினால் பூஜ்யம். ஏறத்தாழ 4 ஜிபிக்கு ஒருமுறை மட்டுமே இந்த வாய்ப்பு வருவதால் சோதனைகளில் அகப்படாமல் நழுவிவிடும். அதனால்தான் கம்பைலர் சொல்லும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கேட்டவர்:
மிக்க நன்றி. மாறியை இரண்டு 32 பிட் துண்டுகளாக நானே பிரித்து வாசித்தால் எச்சரிக்கை நின்றுவிடுகிறது. அது போதுமா?

மறுமொழி 2:
அது எச்சரிக்கையின் வாயை மட்டுமே அடைக்கும்; வாசிப்பு இரண்டாகப் பிளவுபடுவது அப்படியே இருக்கும். இத்தகைய புள்ளிவிவர எண்ணிகளுக்கென்றே கெர்னலில் யு64_ஸ்டாட்ஸ்_சிங்க் என்ற வசதி இருக்கிறது. 32 பிட் பல்செயலிக் கெர்னலில், எழுதுபவர் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரு வரிசை எண் கூடும். இடையில் அது மாறியிருந்தால் வாசிப்பவர் மீண்டும் வாசிப்பார். 64 பிட்டில் இதற்கெனத் தனிச் செலவு ஏதும் இல்லை. ஆனால் ஒரே எண்ணியில் இருவர் ஒருங்கே எழுதாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. எழுதிக்கொண்டிருப்பவரை இடைமறிக்கும் இன்டரப்ட் (நடப்பு வேலையை நிறுத்திவிட்டு ஓடும் அவசர வேலை) அதே செயலியில் அதே எண்ணியை வாசிக்க நேர்ந்தால், வரிசை எண் சீராகும் வரை அது காத்துக்கொண்டே நிற்கும், எழுதுபவரோ நகரவே முடியாது; ஆகவே அப்படி ஒரு வாசிப்புக்கு வழியிருந்தால், எழுதும் பகுதியில் இன்டரப்டை அணைத்துவிடுங்கள்.

மறுமொழி 3:
எழுதுபவர்கள் பலர் என்றால் அட்டாமிக்64_டி என்ற 64 பிட் அட்டாமிக் மாறி வகையைப் பயன்படுத்துங்கள். அதற்கேற்ற கட்டளை இல்லாத செயலிகளில் அது உள்ளுக்குள் ஸ்பின்லாக் (ஒருவர் முடிக்கும் வரை மற்றவரைக் காக்க வைக்கும் பூட்டு) போட்டுச் செய்யும். வேகம் குறையும், மதிப்பு சிதையாது. எல்பிஏஈ (4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தை அணுக உதவும் நீட்டிப்பு) உள்ள ஆர்ம்வி7 செயலிகளில், 8 பைட் எல்லையில் சரியாக அமைந்த மாறியை எல்டிஆர்டி (இரண்டு வேர்டுகளைச் சேர்த்து வாசிக்கும்) கட்டளை ஒரே மூச்சில் வாசித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதை நம்பி எழுதிய டிரைவர், எல்பிஏஈ இல்லாத போர்டுக்குப் போன அன்றே தவறான எண்ணைக் காட்டத் தொடங்கலாம். அங்கே கம்பைலரும் எதுவும் சொல்லாது.