வீடு பார்க்க வருகிறவர்கள் எங்கே பார்க்கிறார்கள்?

குழித்துறையிலிருந்து:

எங்கள் குடும்ப வீடு போன வருடம் விற்றது. குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பன்னிரண்டு சென்ட் புரையிடம், அதாவது வீட்டு மனை. ஓட்டு வீடு, கிணறு, இரண்டு பலா. அப்பா போன பிறகு பூட்டியே கிடந்தது. இந்தப் பக்கம் வஸ்து (சொத்து) விற்க நினைப்பவர்கள், வாங்க வருகிறவர் நம் மார்த்தாண்டத்துக்காரரா, கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரைக்காரரா என்று யோசிக்காமலே வெள்ளையடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் கண் போகிற இடம் வேறு. நான் பார்த்ததை எழுதுகிறேன், மற்ற ஊர்க்காரர்களும் தொடருங்கள்.

பெங்களூரில் இருக்கும் மகள் நிறைய வீடியோக்களை அனுப்பியிருந்தாள். விற்கும் வீட்டை ஒப்பனை செய்து காட்டுவது அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாம். 1970-களில் சியாட்டில் பக்கத்தில் பார்ப் ஸ்வார்ட்ஸ் என்ற வீட்டுத் தரகர் தொடங்கிவைத்தது என்கிறார்கள். சோபாவில் நாலு தலையணை, மூலையில் ஒரு விளக்கு, அடுப்பில் ரொட்டி வேகும் மணம். "ரொட்டிக்கு நாம் எங்கே போவது, வருகிறவர்களுக்குப் புட்டு அவித்து வைக்கலாமா?" என்று என் மனைவி கேட்டாள். மகள் சொன்னதில் ஒன்றை மட்டும் அப்படியே செய்தோம்: பாதிச் சாமானை வெளியேற்றினோம். அறையில் நடக்க இடம் கிடைத்தது, ஜன்னல் பலகைகளைத் திறக்கவும் முடிந்தது. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு அதுவே பெரிய மாற்றம்.

பெயின்டர் ஒருவர் வந்து, புட்டி பூசி எமல்ஷன் அடித்தால் இரண்டே நாளில் புது வீடு என்றார். அடுக்களையின் வடக்குச் சுவர் இடுப்பு உயரம் வரை ஈரம் கோத்திருந்தது. சுண்ணாம்புக் காரைச் சுவர் தான் வாங்கின ஈரத்தை வெளியே விட்டாக வேண்டும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் பூசி அடைத்தால் ஒரு இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தாண்டுவதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிரும். வாங்க வருகிறவரும் மழை நாட்டுக்காரர்தான். புதுப் பெயின்ட் வாசனை அடித்தால், எதை மூடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவார். ஆகவே பெயின்டரை அனுப்பிவிட்டு ஒரு கொத்தனாரை அழைத்தேன். சுவரை ஒட்டி அம்மா காலத்தில் போட்டிருந்த பூச்செடி மேட்டை வெட்டி அகற்றினார். கூரைத் தண்ணீரை வாங்கும் தகரப் பாத்தி ஓட்டையாகிச் சுவரிலேயே கொட்டிக்கொண்டிருந்தது, அதை மாற்றினார். தை, மாசி வெயிலில் சுவர் காய்ந்த பிறகே சுண்ணாம்பு அடித்தோம். கறை லேசாகத் தெரியத்தான் செய்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டோம்.

மார்த்தாண்டத்திலிருந்து வந்தவர் கிணற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் உள்ளே வந்து திரும்புமா, ஓட்டைப் பிரித்தால் பழைய மரம் என்ன விலைக்குப் போகும், எல்லைக் கல் எங்கே என்று கேட்டார். வீட்டை இடிக்கும் முடிவோடு வந்தவருக்குத் தரையைத் துடைத்து வைத்தால் என்ன, துடைக்காவிட்டால் என்ன! வேலி ஓரத்துப் புதரை வெட்டி நாலு மூலைக் கல்லும் கண்ணில் படும்படி வைத்திருந்தது மட்டும்தான் அவரிடம் எடுபட்டது.

நெய்யாற்றின்கரைத் தம்பதி வேறு மாதிரி. அந்த அம்மாள் வீட்டுக்குள் நுழையவே இல்லை, நேராகக் கிணற்றடிக்குப் போனார். முதல் வாளியை இறைத்துக் கொட்டிவிட்டு, இரண்டாவது வாளித் தண்ணீரை உள்ளங்கையில் வாங்கி வாய் கொப்பளித்துத் துப்பினார். பிறகு துணி துவைக்கும் கல்லைக் குனிந்து பார்த்து, விரலால் தேய்த்து, விரலையும் பார்த்தார். தண்ணீரில் இரும்பு இருந்தால் கல்லில் செங்காவி படிந்திருக்கும். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர் ஒவ்வொரு கதவையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். "எல்லாம் அயினி மரம். அடுக்களைக் கதவு மட்டும் பிறகு மாற்றியது" என்றார். சரிதான்.

அதோடு விடவில்லை. பக்கத்து வீட்டு அம்மச்சியிடம் மதிலுக்கு மேலாக, "இடவப்பாதியில் முற்றத்தில் தண்ணீர் நிற்குமா?" என்று கேட்டார். "நிற்கும் மக்களே, ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும்" என்றார் அம்மச்சி. எனக்கு வயிறு கலங்கியது. அதே கேள்வியை என்னிடமும் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். அன்றைக்கே விலை பேச உட்கார்ந்தார்.

ஆதாரத்தை, அதாவது சொத்துப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் முன் ஆதாரம் மலையாளத்தில், தேதி கொல்லம் ஆண்டில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்தத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேருவதற்கு முந்தைய பத்திரங்களில் இதை நிறையப் பார்க்கலாம். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. 1118 என்று எழுதியிருந்தால் அது 1942 ஆகஸ்டிலிருந்து 1943 ஆகஸ்ட் வரையிலான காலம். இதைத் தமிழில் எழுதி, வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்றோடு ஒரே கோப்பில் வைத்தோம். நெய்யாற்றின்கரைக்காரர் மூலத்தையே கடகடவென்று வாசித்துவிட்டார். மார்த்தாண்டத்துக்காரரின் வங்கி வக்கீல்தான் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கினார்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

குழித்துறை அண்ணன் கொடுத்துவைத்தவர். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் கேரளத்தில் இருந்தும் மழைக்கு ஏங்குகிற ஊர்கள். இங்கே வாங்க வருகிறவர் போர்வெல் எத்தனை அடி, மோட்டார் எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்றுதான் கேட்பார். பங்குனி, சித்திரையில் மோட்டாரைப் போட்டுக் காட்டினால் பாதிப் பேச்சு முடிந்தது. மழைக்குப் பிறகு காட்டினால் எவரும் நம்புவதில்லை.

என் மைத்துனர் வீட்டைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலைப் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. மைத்துனர் அவசரமாக மூடப் போனார். "மூடாதீர்கள், இந்தக் காற்றுக்காகத்தான் வந்தோம்" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். டைல்ஸ், மாடுலர் கிச்சன், வாசலில் இரண்டு அரளிச் செடி என்று மைத்துனர் செலவழித்த எதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் பேச்சு முறிந்தது கிராம அலுவலகப் பதிவேட்டில். வீடு நிற்கிற இடம் அங்கே இன்னும் 'நிலம்', அதாவது வயல். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து இது சின்ன விஷயம் இல்லை. வீட்டு வரி ரசீது இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது, என்ன கவலை என்றார் மைத்துனர். வங்கி வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடம் வயல்களின் அரசுப் பட்டியலான டேட்டா பேங்கில் ஏறாததால் வழி இருந்தது: 2018-இல் வந்த திருத்தத்தின்படி வருவாய்த் துறையிடம் மனு கொடுத்து, உரிய கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம். அது நடக்கிற வரை வாங்குகிறவர் காத்திருக்க வேண்டுமே? காத்திருக்கவில்லை. கேரளப் பக்கம் வீடு விற்கிறவர்கள் பெயின்ட் டப்பாவை வாங்குவதற்கு முன் கரம் (நிலவரி) அடைத்த ரசீதை எடுத்து, அதில் 'நிலம்' என்றிருக்கிறதா 'புரையிடம்' என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

செங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, எங்கள் வீட்டுக் கதையில் சண்டையும் உண்டு. தெரு வீடு, இரண்டு பக்கமும் பொதுச் சுவர், நடுவில் முற்றம், பின்கட்டுவரை நீளம். குற்றாலச் சாரல் காலத்தில்தான் கொல்லம், புனலூர் பக்கத்திலிருந்து ஆட்கள் வீடு பார்க்க வருவார்கள். 2018-இல் அகலப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து அது கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் சாரல் காலத்தில்தான் இந்த வீட்டில் பூஞ்சை வாடையும் அதிகம். தலையணையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். கோணிச் சாக்கு, பழைய மெத்தை, அட்டைப்பெட்டி மூன்றையும் வெளியே எடுத்தாலே வாடை பாதி போய்விடும். அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். மீதிக்குக் காலையில் அடுக்களையில் விறகடுப்பை மூட்டினோம்.

தரகர் ஒரு யோசனை சொன்னார். வருகிறவர்கள் எந்த மதமோ தெரியாது, சுவரில் இருக்கிற சாமி படங்களையும் மாலை போட்ட முன்னோர் படங்களையும் எடுத்துவிடுங்கள், அவர்கள் தங்கள் வீடாக நினைத்துப் பார்க்க வேண்டும் என்றார். பெரிய மதினிக்கு வந்ததே கோபம்! "வீட்டை விற்கலாம், அப்பாவை இறக்கி வைக்க முடியாது" என்று கதவடியில் உட்கார்ந்துவிட்டார். என் கணவர் அக்காவிடம் பேசப் பயந்துகொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். தரகர் என்னைப் பார்க்கிறார், நான் மதினியைப் பார்க்கிறேன். கடைசியில் ஒரு சமரசம்: சாமி படங்கள் பூஜை அறைக்குள் போகும், அறைக் கதவைச் சாத்தி வைக்கலாம், மாமனார் படம் கூடத்திலேயே இருக்கும், மாலை மட்டும் இறங்கும்.

புனலூரிலிருந்து ஒரு இஸ்லாமியக் குடும்பம் வந்தது. மாமனார் படத்துக்கு நேர் கீழே அமர்ந்து காப்பி குடித்தார்கள். பூஜை அறைக் கதவை மதினியே திறந்து காட்டினார். அந்த வீட்டு அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரே வார்த்தை, "மேற்கூரை முழுக்க விளக்குக் கரி, இதைச் சுரண்டி அடிக்கக் கூலி ஆகும்." அந்தக் கூலியை விலையில் கழித்தும் விட்டார்கள். மதினிக்கு இன்றுவரை அந்தக் குடும்பத்தின் மேல் வருத்தம் இல்லை. தரகர் மேல்தான்.

பள்ளிப்பட்டிலிருந்து:

ஆந்திர எல்லையில் இருப்பவன் நான். இங்கே வாஸ்து இல்லாமல் எதுவும் நகராது. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே செல்போனில் திசை பார்ப்பார்கள். ஈசானிய மூலையில் படிக்கட்டோ செப்டிக் டேங்கோ இருந்தால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போவார்கள். எங்கள் வீட்டில் படிக்கட்டு வடகிழக்கில். இடித்துத் தென்மேற்கில் கட்டுங்கள் என்று ஊரே சொன்னது. விற்கப் போகிற வீட்டுக்கு லட்சக்கணக்கில் படிக்கட்டா என்று நான் அசையவில்லை. படிக்கட்டை மாற்றினால் அடுத்தவர் சமையலறையைக் குறை சொல்வார், அவருக்கும் அடுத்தவர் கிணற்றை. அதற்கு முடிவேது?

கூடத்தில் அப்பாவின் தறிக்குழி இருந்தது. வீட்டை விற்பதற்கு முன் குழியைத் தூர்த்து, மேலே டைல்ஸ் போட்டு, தெர்மோகோல் சீலிங் ஒன்றும் தொங்கவிட வேண்டும் என்பது என் தம்பியின் திட்டம். குழியைத் தூர்த்ததோடு நிறுத்தச் சொன்னேன். நடுவில் அடைத்திருந்த பிளைவுட் தடுப்பையும் பிரித்தோம். கூடம் வெறுமையாக, சிமென்ட் தரையோடு நீளமாகக் கிடந்தது.

நகரியில் விசைத்தறி வைத்திருக்கிற ஒருவர் வந்தார். திசையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் கூடத்தின் நீளத்தை அளந்தார். மும்முனை மின்சாரம் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு கோலிக்குண்டைத் தரையில் விட்டு எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்த்தார். நாலு தறி போடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சீலிங் தொங்கியிருந்தால் முதல் வேலையாக அதைப் பிய்த்திருப்பார். படிக்கட்டைப் பற்றி நானே வலியச் சொன்னேன். "மேலே தங்கப் போகிறவன் கவலைப்படட்டும்" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார்.

இங்கேயும் பத்திரக் கதை உண்டு. பள்ளிப்பட்டு, திருத்தணி பக்கம் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. தாத்தா வாங்கிய பத்திரம் தெலுங்கில். நகரிக்காரர் வாசிக்க, நான் தமிழில் எழுதிக்கொண்டேன். விற்கிறவனுக்கு வாங்குகிறவனே பத்திரம் வாசித்துக் காட்டியது எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும்.

களியக்காவிளையிலிருந்து:

குழித்துறை அண்ணன் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். எங்கள் வீடு கான்கிரீட், பதினைந்து வருடப் பழசு, நாங்கள் குடியிருந்துகொண்டே விற்கிறோம். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் கேரளத்துக்காரர்கள். கையில் அதிகப் பணம் இல்லை. எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது?

குழித்துறையிலிருந்து:

தம்பி, முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து, விரிசலை அடைத்து, சருகு அடைத்த குழாயைச் சுத்தம் செய்யுங்கள். காசு இருந்தால் அதற்குச் செலவழியுங்கள். பிறகு குளியலறை. ஒழுகும் குழாய், ஆடும் தாழ்ப்பாள், எரியாத பல்பு எல்லாவற்றையும் ஒரு பிளம்பரும் ஒரு எலக்ட்ரீஷியனும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் சுவரில் கிறுக்கியதை விட்டுவிடுங்கள், அதைப் பார்த்து எவரும் விலையைக் குறைத்ததில்லை. ஆட்களைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். மேற்குப் பார்த்த வீடு என்றால் மாலையில் கூப்பிடவே கூப்பிடாதீர்கள், கூடத்தில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும்.

கேரளத்துக்காரர் விலை பேசும்போது பத்திரச் செலவைச் சேர்த்தேதான் கணக்குப் போடுவார். அங்கே முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. இங்கே 7-ம் 2-ம். அந்த ஒரு சதவீதத்தை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அவராகச் சொல்ல மாட்டார். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் போனால் வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறையில் கட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். பத்திரம் பதிகிற அன்று பணம் குறைகிறதே என்று சப்-ரிஜிஸ்திரார் அலுவலக வாசலில் வாக்குவாதம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.