புதுப்பிப்பு: பச்சைத் தக்காளி வறுவல், மேல்மாவு உதிராமல் இருக்க

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பச்சைத் தக்காளி வறுவலைப் பற்றி முன்பு எழுதியபோது, "எண்ணெயில் போட்டதும் மாவு தனியாகக் கழன்றுவிடுகிறது" என்று பலர் கேட்டிருந்தீர்கள். காரணம் ஈரம்தான்.

அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான கனத்தில் வில்லைகளாக நறுக்கி, உப்புத் தூவி அரை மணி நேரம் வையுங்கள். கசியும் நீரைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே மைதாவில் புரட்ட வேண்டும். அடுத்து முட்டை கலந்த மோர், கடைசியாக மஞ்சள் மக்காச்சோள ரவை. நம் வீட்டு மோர் இதற்கு ஒட்டாது. தயிரைச் சற்றே தளர்த்திக்கொள்ளுங்கள். வெள்ளை வெளேரென்று விற்கும் கார்ன் ஃப்ளாரும் வேண்டாம், அந்த மொறுமொறுப்பு வராது. புரட்டியவற்றைப் பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்து, 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் பொரித்து, கம்பித் தட்டில் வையுங்கள். காகிதத்தில் வைத்தால் அடிப்பக்கம் நமுத்துப்போகும்.

லேசாகச் சிவந்த காய் ஆகுமா? ஆகாது. கல்போல் கெட்டியாக, புளிப்போடு இருக்க வேண்டும்.

இன்னொன்று: இது தெற்கின் தொன்மையான உணவு என்பதை நான் நம்பவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வடக்கு, மத்திய மேற்குப் பகுதிகளில் இதன் குறிப்புகள் அச்சாகியிருக்கின்றன. தெற்கின் அடையாளமாக இதை ஊரறியச் செய்தது 1991இல் இந்த உணவின் பெயரிலேயே வந்த 'ஃப்ரைட் கிரீன் டொமேட்டோஸ்' என்ற ஹாலிவுட் படம்.