நுவரெலியாவில் சூடு தரும் ஏ.சி.: கேஸ் நிரப்பிய பின் நிலைமை மோசமாகிவிட்டது

கேள்வி: நானுஓயா விடுதிக்காரர்

வணக்கம். நுவரெலியாவுக்கு அருகில் ஆறு அறைகள் கொண்ட ஒரு சிறிய விடுதியை எங்கள் குடும்பம் நடத்தி வருகிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் தேயிலைக் கொழுந்து உறைபனியில் கருகும் அளவுக்கு இரவுக் குளிர் இறங்குவதால், முன்பு மின்சார ஹீட்டர்களைப் பயன்படுத்தினோம். மின்கட்டணம் தாங்க முடியாமற்போகவே, மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டு அறைகளுக்குச் சூடும் குளிரும் தரும் இன்வேர்ட்டர் ஏ.சி. பொருத்தினோம். ஒவ்வொன்றும் 12,000 பி.ரி.யு திறன் கொண்டது; உள்ளே ஓடுவது ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் கேஸ்.

இரண்டு குளிர்காலம் நன்றாக வேலை செய்தன. கடந்த டிசம்பரில் ஓர் அறையில் சூடு குறைந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு பழுதுபார்ப்பவர், மூடுபனி இறங்கிய மாலை நேரத்தில் ஏ.சி.யைக் குளிர் நிலையில் ஓடவிட்டு, அமுக்கத்தைக் காட்டும் கேஜைப் பொருத்தி, 95 காட்டுகிறது, 125 இருக்க வேண்டும், கேஸ் குறைவு என்று சொல்லி, முள் 125க்கு வரும்வரை நிரப்பிச் சென்றார். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் சூடு வந்து தானாக நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்து மீண்டும் தொடங்குகிறது. வெளி யூனிட்டில் வெள்ளைப் பனி படிகிறது; சில வேளைகளில் அதிலிருந்து புகை போல ஆவியும் எழுகிறது. மறுபடியும் கேஸ் இறங்கிவிட்டதா? அல்லது எங்கள் குளிருக்கு இந்த இயந்திரமே ஒத்துவராதா?

பதில் 1: ஹற்றன் ஏ.சி. பழுதுபார்ப்பவர்

உங்கள் ஏ.சி.யில் கேஸ் குறையவில்லை, தேவைக்கு மேல் இருக்கிறது என்றே நினைக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இதே தவறை மலையகத்தில் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

கேஜில் தெரியும் அமுக்கம் குழாய்க்குள் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் இடத்தில் அமுக்கம் வெப்பநிலையையே பின்பற்றும். ஆர்-410ஏ 5 பாகை செல்சியஸில் ஆவியாகும்போது கேஜ் ஏறத்தாழ 120 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அமுக்க அலகு) காட்டும், 0 பாகையில் ஏறத்தாழ 100. கொழும்பில் 28 பாகையில் இருக்கும் அறையைக் குளிரூட்டும்போது 120, 130 வருவது இயல்பு. 14 பாகையில் இருக்கும் உங்கள் அறையைக் குளிரூட்டச் சொன்னால், உள் கொயிலுக்கு (அறை யூனிட்டில் கேஸ் ஓடும் சுருள் குழாய்க்கு) கிடைக்கும் வெப்பமே குறைவு. ஆகவே அது தாழ்ந்த வெப்பநிலையில் ஆவியாகிறது, முள்ளும் தாழ்கிறது. அந்த 95 உங்கள் ஊரின் குளிரைத்தான் காட்டியது. கொழும்புக்குரிய 125ஐ நுவரெலியாவின் மாலையில் தேடினால் சிலிண்டர் காலியாகும்வரை தேடலாம்.

அந்த மேலதிக கேஸ் சூட்டு நிலையில் தன் வேலையைக் காட்டுகிறது. கேஸ் ஓடும் திசையை மாற்றும் நான்கு வழி வால்வு திரும்பியதும் உள் கொயில் வெப்பத்தை வெளிவிடும் பக்கமாகிறது. அங்கே ஆவி ஒடுங்கித் திரவமாகும். மிகுதியான திரவம் கொயிலின் கீழ்ப்பகுதியை அடைத்துக்கொள்வதால், ஆவி ஒடுங்குவதற்கு இடம் சுருங்கி அமுக்கம் ஏறுகிறது. கேஸை அமுக்கி ஓட்டும் கொம்பிரசரைக் காக்க இயந்திரம் தன்னை நிறுத்துகிறது. பத்து நிமிடம் ஓடி நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொரு விடயம். வீட்டு ஏ.சி.களில் கேஜ் பொருத்தும் வாய் பெரும்பாலும் பெரிய குழாயில் மட்டும் இருக்கும். குளிர் நிலையில் அது தாழ் அமுக்கப் பக்கம். சூட்டு நிலையில் அதே குழாயில்தான் கொம்பிரசரிலிருந்து வரும் சூடான கேஸ் ஓடுகிறது, 350 பி.எஸ்.ஐ.க்கு மேலும் போகும். தாழ் அமுக்கத்துக்கான நீல நிற கேஜை மாட்டியபடியே சூட்டு நிலைக்கு மாற்றுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

வெள்ளைப் பனி குறையன்று. வெளிக்காற்று 5 பாகையாக இருக்கும்போது, அதிலிருந்து வெப்பத்தை எடுக்க வெளி கொயில் உறைநிலைக்குக் கீழே போகிறது. மூடுபனியின் ஈரம் அதன்மேல் படிந்து உறைகிறது. அளவு மீறும்போது இயந்திரம் வால்வைத் திருப்பிச் சூடான கேஸை வெளியே அனுப்பிப் பனியை உருக்கும். நீங்கள் கண்ட ஆவி அதுவே. அந்த ஐந்து, பத்து நிமிடங்களில் அறைக்குச் சூடு வராது. பனி கொயில் முழுவதும் ஒரே சீராகப் படிந்தால் கவலையில்லை. ஒரு மூலையில் மட்டும் தடித்து, மற்றப் பகுதி வெறுமையாக இருந்தால்தான் கேஸ் குறைவைச் சந்தேகிப்பேன்.

முதலில் சூடு ஏன் குறைந்தது என்பதை எவரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. அந்த அறையில் விறகு எரிக்கிறீர்களா?

பதில் 2: கண்டி தொழிற்பயிற்சி ஆசிரியர்

ஹற்றன் ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். கேஸை முழுவதும் மீட்டு எடுத்து, குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வெக்கியூம் செய்து, வெளி யூனிட்டின் பெயர்த்தகட்டில் உள்ள நிறையைத் தராசில் வைத்து நிரப்புவதே சரியான வழி. ஆர்-410ஏ என்பது ஆர்-32, ஆர்-125 இரண்டும் நிறைப்படி சரிபாதியாகச் சேர்ந்த கலவை. ஆவியாக எடுத்தால் அந்த விகிதம் மாறக்கூடும் என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும்.

வெக்கியூம் செய்யும்போது உயரத்தை மறந்துவிடாதீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே. கொழும்பில் முழு வெக்கியூமில் 30 அங்குலத்தை (பாதரச அளவில்) தொடும் முள், நுவரெலியாவில் எத்தனை மணி நேரம் பம்பை ஓட்டினாலும் 24ஐத் தாண்டாது. இதைக் கண்டு பம்ப் பழுது என்றோ, குழாயில் கசிவு என்றோ அலைந்தவர்கள் உண்டு.

அதைவிட முக்கியமானது ஈரம். முள் 24க்குப் பதில் 23½இல் நின்றால் எவர் கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் அந்த அரை அங்குலம் 12,700 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது பாதரச மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 15 பாகையில் நீர் கொதிக்க அமுக்கம் ஏறத்தாழ 12,800 மைக்ரோனுக்கு இறங்க வேண்டும். அதாவது, முள் போதும் என்று சொல்லும் இடத்தில் குழாய்க்குள் இருக்கும் நீர் அப்போதுதான் கொதிக்கத் தொடங்குகிறது. இந்த இயந்திரங்களின் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பின்னர் அமிலம் உண்டாகிக் கொம்பிரசரின் சுற்றுக்கம்பியை அரிக்கும். மைக்ரோன் மானியில் 500க்குக் கீழே இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் ஏறாமல் நிற்க வேண்டும். அந்த மானி உயரத்தைப் பொறுத்து மாறாது. குளிரில் ஈரம் மெதுவாகவே வெளியேறும் என்பதால் இந்த வேலையை நண்பகலில் செய்யச் சொல்லுங்கள்.

கசிவு பார்க்க உலர் நைதரசன் மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒட்சிசன் சிலிண்டரைப் பூட்ட எவராவது முயன்றால் உடனே தடுங்கள். எண்ணெயோடு அது சேர்ந்தால் வெடிக்கும்.

நானுஓயா விடுதிக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த அறையில் விறகு அடுப்பு இருக்கிறது, ஏ.சி. வந்த பிறகும் விருந்தினர் விரும்பிக் கேட்பதால் எரிக்கிறோம். ஒரு கேள்வி: மேலதிக கேஸை மட்டும் வெளியே சற்றுத் திறந்துவிட்டால் போதாதா? எல்லாவற்றையும் எடுத்து மறுபடி நிரப்பச் செலவு அதிகமாகுமே.

பதில் 3: ஹற்றன் ஏ.சி. பழுதுபார்ப்பவர்

போதாது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாதபோது எவ்வளவு விடுவது? மீண்டும் அதே முள்ளைத்தான் நம்ப வேண்டியிருக்கும். மேலும், ஆர்-410ஏ பழைய ஆர்-22 போல ஓசோன் படையைக் கெடுக்காவிட்டாலும், ஒரு கிலோ வெளியேறினால் 2,000 கிலோவுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு வெளியேறியதற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். இத்தகைய கேஸ்களைக் குறைப்பதற்கான 2016ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தத்தை இலங்கையும் 2018இல் ஏற்றுக்கொண்டது. மீட்பு இயந்திரமும் சிலிண்டரும் வைத்திருப்பவரை அழையுங்கள். அவை இல்லாதவருக்கு இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

விறகு அடுப்பு என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. உள் யூனிட்டின் பில்டரைக் கழற்றி, பின்னால் உள்ள கொயிலை டோர்ச் அடித்துப் பாருங்கள்.

நானுஓயா விடுதிக்காரர்

இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பில்டரை நாங்கள் கழுவி வந்தோம். ஆனால் கொயிலின் தகடுகளுக்கிடையே கரியும் தூசும் கம்பளி போல ஒட்டியிருந்தன. காற்றுப் போக வழியில்லாததால் சூடு அறைக்கு வராமல் கொயிலிலேயே தங்கியிருக்கிறது. குளிர் நிலையில் முள் இன்னும் தாழ்ந்ததற்கும் இந்த அடைப்பு ஒரு காரணம் என்று வந்தவர் விளக்கினார்.

மீட்டெடுத்த கேஸின் நிறை 1,310 கிராம். பெயர்த்தகட்டில் இருப்பது 950 கிராம். நைதரசனில் ஓர் இரவு வைத்துப் பார்த்தோம். எங்கும் கசிவு இல்லை. மறுநாள் நண்பகலில் வெக்கியூம் செய்தபோது மானி 420 மைக்ரோனில் நின்றது. பக்கத்தில் இருந்த கேஜின் முள் 24ஐத் தாண்டவில்லை. அதை நானே நின்று பார்த்தேன்.

இப்போது இரவு முழுவதும் நிற்காமல் ஓடுகிறது. பனி உருக்கும் சில நிமிடங்களைத் தவிர அறை 21 பாகையில் இருக்கிறது. அந்த அறையின் விறகு அடுப்பை மூடிவிட்டோம். வெளி யூனிட்டின் மூடிக்கு உட்புறம், ‘950 கிராம், நிறுத்து நிரப்பியது’ என்று திகதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.