மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு எந்த மாதத்தில் செல்வது?

கேள்வி (பெருமாள்மலை, கொடைக்கானல்):
வணக்கம். மே மாதம் வந்துவிட்டால் எங்கள் மலைப்பாதையில் வண்டிகள் அசையாமல் நிற்கும் என்பதால், இம்முறை ஊரை அந்தக் கூட்டத்துக்கே விட்டுவிட்டு, குடும்பத்தோடு கடல் பார்க்கக் கீழே இறங்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். எழுபது வயதைக் கடந்த என் தாயாரோ இராமேசுவரத்தில் தீர்த்தமாட விரும்புகிறார். தீவில் இறங்கி ஒரு பொழுதைக் கழிக்க இயலுமா? மே மாதம் ஏற்றதுதானா?

பதில் 1 (வத்தலக்குண்டு, முன்பு இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்னும் ஊரில் பணியாற்றியவன்):
மே மாதத்தை விட்டுவிடுங்கள், அம்மா. பாம்பனுக்கு வடக்கே உள்ள பாக் கடலைப் பெண் கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கும் மே முதல் செப்டம்பர் வரை தெற்குக் கடல் கொந்தளிக்கும்; தீவுகளெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அக்டோபருக்குப் பிறகு மழை. ஆகவே, மழை ஓய்ந்து கடல் தெளியும் சனவரி முதல் மார்ச் வரையே நல்ல காலம்.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவற்றுள் இரண்டு தீவுகள் இப்போது நீருக்கடியில் இருக்கின்றன. பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணம். எஞ்சியவற்றிலும் நினைத்தபடி இறங்கிவிட முடியாது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வாங்குகிறோமே, இங்கே கண்டிப்பு அதைவிடக் கூடுதல். கண்ணாடித் தளப் படகிலிருந்து பவளப்பாறைகளைப் பார்ப்பதே பெரும்பாலோருக்கு வாய்க்கும். பாம்பனை அடுத்த குந்துகால் படகுத்துறையிலிருந்து, இந்தத் தீவுகளுள் ஒன்றான குருசடைத் தீவுப் பக்கம் படகு போகிறதா என்பதை வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பதில் 2 (பண்ணைக்காடு):
நாங்கள் மழைக்கு மறுநாள் போய், கண்ணாடிக்குக் கீழே கலங்கிய பச்சை நீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். படகுக்காரர் பணம் வாங்கும்போது தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனவே, நீர் தெளிந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சீட்டு வாங்குங்கள். காற்று எழுமுன் காலையிலேயே படகேறுங்கள். கைவசம் ஒரு நாள் கூடுதலாக இருக்கட்டும். கடல் ஒத்துழைக்காவிட்டால், தொண்டிக்கு அருகே காரங்காட்டின் அலையாத்திக் காட்டுக்குள் படகில் செல்லலாம். அது வடக்குக் கடலோரம்.

உங்கள் ஊரிலிருந்து இராமேசுவரம் மதுரை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாயாரை ஒரே மூச்சில் அழைத்துச் செல்லாமல் இராமநாதபுரத்தில் தங்குவது நல்லது. சுவெட்டரை வத்தலக்குண்டிலேயே கழற்றிவிடுவீர்கள், அது வேறு.

பதில் 3 (தாண்டிக்குடி):
கரையில் கிடந்தாலும் பவளத் துண்டைப் பிள்ளைகள் எடுத்து வர விடாதீர்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகிய மூன்றும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கும் அதே அட்டவணைதான்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பொங்கல் விடுமுறையில் போகலாமென்றால் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். பறிப்பு முடிந்ததும், குடியரசு நாளோடு இரண்டு நாள் சேர்த்துக்கொண்டு புறப்படுகிறோம்.

பதில் 1:
நல்லது. தை அமாவாசை எந்த நாளில் வருகிறது என்று பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று இராமேசுவரத்தில் காலை வைக்க இடமிருக்காது. தாயாருக்கு 22 தீர்த்தங்களும் ஆடி முடிப்பது பெரும்பாடாகிவிடும்.