சிவாஜியின் நாடகக் கம்பெனி நாட்களைச் சாகசப் படமாக எடுக்க முடியுமா?

சாலிகிராமம்_உதவி:
எட்டு வருடமாக உதவி இயக்குநராக இருக்கிறேன். என் முதல் கதை சிவாஜி கணேசனின் சிறுவயது, அது மட்டும்தான். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் கட்டபொம்மன் கூத்து பார்க்கப் போன பொடியன் வெள்ளைக்காரச் சிப்பாய் வேஷம் கட்டி மேடையேறி, வீட்டில் அப்பாவிடம் அடி வாங்குகிறான், அப்புறம் ஒரு நாள் "நான் அநாதை" என்று சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்து ஊரை விட்டே போய்விடுகிறான். இது சாகசம் இல்லையா? ஒரு தயாரிப்பாளர் "வில்லன் யார்?" என்கிறார், 1952 பராசக்தி வரை கொண்டுபோகச் சொல்கிறார். எங்கே முடிக்கலாம்? ரயிலுக்கும் அனுமதிக்கும் என்ன செய்வது?

பெரம்பூர்_ரயில்:
எழும்பூரிலிருந்து விழா நாட்களில் ஓடிய ஈஐஆர் 21 என்ற பழைய நீராவி எஞ்சினை நினைக்காதீர்கள், அது 1855-ல் செய்தது, அகலப் பாதை. அந்தக் காலத்து விழுப்புரம்–திருச்சி ரயிலெல்லாம் மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலமுள்ள குறுகிய பாதை. மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதையும் மீட்டர் கேஜ்தான், ஆனால் வெளியே மலை தெரிந்தால் மாட்டிக்கொள்வீர்கள், பெட்டிக்குள் நெருக்கமாக எடுங்கள். அனுமதி விஷயம்: ஜெயலலிதா பற்றிய பட வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவரின் அந்தரங்க உரிமை அவர் இறந்ததும் முடிந்துவிடும், வாரிசுக்கு வராது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் குடும்பத்தை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், அதுதான் மரியாதை.

திருவல்லிக்கேணி_பேரன்:
தம்பி, வில்லன் இருக்கிறான். மகரக்கட்டு, பருவம் வரும்போது பையன்களுக்குக் குரல் உடைவது. என் தாத்தா பாய்ஸ் கம்பெனியில், அதாவது பையன்களே நடிக்கும் நாடகக் குழுவில், ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்) போட்டவர். கடைசி வரைக்கும் உட்காரும்போது வேட்டியைப் புடவைக் கொசுவம் போல இடது கையால் ஒதுக்கிவிட்டுத்தான் உட்காருவார். விடிகாலையில் வாத்தியார் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பாடச் சொல்வாராம், எவன் குரல் உடைகிறதோ அவன் புடவை அடுத்த ஊரில் வேறு பையனுக்குப் போய்விடும், அவன் திரை இழுக்கவோ அடுப்படிக்கோ போக வேண்டியதுதான். வீட்டுக்குத் திரும்ப ரயில் கூலியும் இருக்காது. சிவாஜியும் சீதை வேஷம் போட்டவர்தானே, அந்தப் பயத்தில் படத்தை ஓட்டுங்கள். பராசக்தி வேண்டவே வேண்டாம், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் "சிவாஜி" என்று பெயர் வைத்தாரே, அங்கே நிறுத்துங்கள். பெயர் கிடைத்துவிட்டது, பையன் தப்பித்துவிட்டான்.

சாலிகிராமம்_உதவி:
ஐயா, இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தது இதுதான். புடவை கைமாறுகிற காட்சியை இன்று ராத்திரியே எழுதிவிடுகிறேன். தாத்தாவுக்குக் குரல் உடைந்தபோது என்ன வயது?

திருவல்லிக்கேணி_பேரன்:
பதினான்கு. அரக்கு நிறப் புடவையாம். மடித்துக் கொடுக்கச் சொன்னபோது, அரை மணி நேரம் மடித்துக்கொண்டே இருந்தேன் என்பார்.