எக்ஸ்பிரஷனிசத்துக்குத் தமிழ்ச்சொல்: திங்களுக்குள் வேண்டும்

கிளிநொச்சி ஆசிரியை:
வணக்கம். பதினோராம் தரத்துக்கான சித்திரப் பாடக் குறிப்பைத் திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1903இல் செய்த 'இறந்த குழந்தையுடன் பெண்' அதில் இருக்கிறது. தாய் நிலத்தில் குந்தியிருந்து பிள்ளையை அள்ளி இறுக்கி, அதன் நெஞ்சில் முகத்தைப் புதைக்கிறாள். "ரீச்சர், கடிக்கிறாவா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியை வைத்தே எக்ஸ்பிரஷனிசத்தை, அதாவது உள்ளத்து உணர்வைக் காட்ட உருவத்தையும் நிறத்தையும் வளைத்து வரையும் கலைப்போக்கை, விளக்கப் போகிறேன். 'வெளிப்பாட்டுவாதம்' என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை.

முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளை, சொல் தொல்காப்பியத்திலேயே கிடக்கிறது: மெய்ப்பாடு. எட்டில் ஒன்று அழுகை, அது பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்று இழவு. நீங்கள் சொல்லும் படம் அந்த இழவேதான். மெய் உடம்பு, மெய் உண்மை. உள்ளத்து உண்மை உடம்பில் படுவது மெய்ப்பாடு. 'மெய்ப்பாட்டியம்' என்று போடுங்கள். வாதம் வடசொல், நமக்கு வேண்டாம்.

மாங்குளம்:
ஐயா, தொல்காப்பியத்துக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் எழுதிய உரையை ஒருக்கால் பாருங்கள். உள்ளத்தில் நிகழ்ந்தது நிகழ்ந்தவாறே புறத்தாருக்குப் புலப்படுவது என்கிறார். இந்த ஓவியர்கள் எதையும் உள்ளவாறே விடுவதில்லையே. நோர்வே ஓவியர் முங்க் 1893இல் வரைந்த 'அலறல்' படத்தில் வானமே நெளிகிறது. மெய்ப்பாடு அழுபவரின் மேனியோடு நின்றுவிடும்.
இன்னொன்று, 1903இல் அந்த இயக்கமே தொடங்கவில்லை. அதைத் தொடக்கிவைத்த ஓவியர்களின் 'பாலம்' குழு ஜெர்மனியின் டிரெஸ்டனில் 1905இல்தான் உருவானது. கோல்விட்ஸ் மரத்தில் செதுக்கி அச்சிட்ட 'போர்' மரவெட்டுகள் ஏழில் ஒன்றைப் போடலாம்.

முள்ளியவளை:
மேனியோடு நிற்கும் என்று யார் சொன்னது? ஒப்பாரியில் முற்றத்து வேம்பும் கட்டையில் நிற்கும் மாடும் சேர்ந்துதானே அழும்?

வவுனியா, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, ஒப்பாரியைப் பிறகு பேசுவோம். பிள்ளைகள் மெய்ப்பாட்டியம் என்று கண்டால் தமிழ் இலக்கியக் கேள்வி என்றே நினைப்பார்கள். 'உணர்வோவியம்' எல்லாருக்கும் விளங்கும்.

கிளிநொச்சி ஆசிரியை:
உணர்வு எந்த ஓவியத்தில்தான் இல்லை? அது எனக்குப் போதாது. 1903 படத்தையும் மாற்ற மாட்டேன். ஏழு வயது மகன் பேட்டரைக் கையில் ஏந்தி, கண்ணாடியில் தன்னையே பார்த்து அவர் வரைந்த படம் அது. 1914 ஒக்டோபரில் அதே மகன் பெல்ஜியத்தில் போரில் இறந்தான், வயது 18. 'போர்' மரவெட்டுகள் அதற்குப் பிறகு வந்தவை. அதில் 'தாய்மார்' என்ற படத்தில் பெண்கள் ஒருவரையொருவர் இறுக்கிக்கொண்டு மதில்போல் நிற்க, பிள்ளைகள் இடுக்கால் எட்டிப் பார்க்கிறார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறேன். 2009ஐக் கடந்து வந்த தாய்மாரின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் மழுப்பலான சொல்லைக் கொடுக்க முடியாது.

மாங்குளம்:
அப்படியென்றால் 'வெளிப்பாட்டியம்'. பேராசிரியரும் 'வெளிப்படுதல்' என்றே முடிக்கிறார். வாதமும் போய்விடும்.

வவுனியா:
சரி, அப்படியே போடுங்கள். நானும் நாளை ஒரு மொழிபெயர்ப்பை முடித்துக் கொடுக்க வேண்டும்.

கிளிநொச்சி ஆசிரியை:
வெளிப்பாட்டியம் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். நன்றி.

முள்ளியவளை:
நான் உடன்படவில்லை. வேர்வையும் வெளிப்படும், சத்தமும் வெளிப்படும். உள்ளத்துக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. குறிப்பின் அடியிலாவது மெய்ப்பாட்டைப் பற்றி இரண்டு வரி சேருங்கள் பிள்ளை. உரைப்பகுதியை இன்றிரவு தட்டி அனுப்புகிறேன்.