வின்னிபெக்கில் முதல் குளிர்காலம்: அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். திருநெல்வேலிக்காரன். போன ஆகஸ்டில் மனைவி, நாலு வயது மகளோடு இங்கே கனடாவுக்கு வந்தேன். மார்கழிக் காலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போனதுதான் எனக்குத் தெரிந்த குளிர். நேற்று காலை இங்கே மைனஸ் 27.

உடுப்பு விஷயம் ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. உள்ளே பருத்தி பனியன் போட்டுக்கொண்டு வந்தால், அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னும் நடுங்க வைக்கிறது. கம்பளி உள்ளாடைக்கு மாறிவிட்டோம்.

தொல்லை வீட்டுக்குள்தான். ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று ஒரேயடியாகக் காய்ந்துவிடுகிறது. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் ஷாக். மகளுக்கு இந்த வாரம் இரண்டு முறை தூக்கத்தில் மூக்கிலிருந்து ரத்தம். தலையணை உறையைப் பார்த்து மனைவி பயந்தே போனாள். டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபயர் வாங்கினேன். ஈரப்பதம் 40 சதவீதம் தாண்டினால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் விளிம்போடு ஐஸ் கட்டுகிறது, காலையில் உருகிச் சட்டத்தில் வழிகிறது. குறைத்தால் திரும்ப மூக்கு. நீங்கள் எவ்வளவில் வைக்கிறீர்கள்? ஜன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் தாள் உதவுமா?

அப்புறம், கார் இன்ஜின் உறையாமல் சூடேற்றும் பிளாக் ஹீட்டரை ராத்திரி முழுக்கச் செருகி வைக்க வேண்டுமா, டைமர் போட்டு நாலு மணி நேரம் போதுமா? கரண்ட் பில்லை நினைத்தால் அதுவும் குளிர்கிறது.

கடைசியாக, சிரிக்காதீர்கள், தோசை மாவு. ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தும் இரண்டு நாளாகப் பொங்கவில்லை. வேறு வழி யாரிடமாவது இருக்கிறதா?